கிள்ளான் வழியாக வடக்கே

பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஈப்போவுக்குக் காரில் புறப்படுவோர் பெரும்பாலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையையே நாடுகின்றனர். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அச்சாலை நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவே. அவசரமில்லாத பெற்றோர், கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் எனக் கடலோர ஊர்களின் வழியே செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்று செம்பனை நிற்கும் இவ்வட்டாரத்தில் முன்பு இரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்தன. 1941இல் அத்தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் கேட்டனர்: வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். காரில் அமர்ந்து செல்லும் பிள்ளைகளுக்கு இதை அங்கேயே சொல்லுங்கள்.

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ளே திரும்பினால் தென்னமரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்த இடம். செம்பனை பிறந்த மண்ணுக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்! மீண்டும் சாலைக்கு வந்து, சபாக் பெர்ணம் கடந்தால் தெலுக் இந்தான், அங்கிருந்து ஈப்போ.