சாயத் தண்ணியில கலர் போயிடுச்சு... உப்பு போச்சா? கரி செய்யும் வேலை என்ன?

திருப்பூர் சாயப்பட்டறையில் ஒரு சிவப்பு டி-ஷர்ட் துணிக்கு சாயம் ஏற்றினால், போடுகிற சாயம் முழுவதும் துணியில் ஒட்டாது. பருத்திக்குப் பயன்படுத்தும் ரியாக்டிவ் சாயங்களில் ஒரு பகுதி தண்ணீரிலேயே தங்கி, அலசும்போது வெளியேறிவிடும். அந்த நிறத்தைப் பிரித்தெடுக்கும் வழிகளில் ஒன்றுதான் பரப்புக் கவர்தல்.

உறிஞ்சுதலும் இதுவும் ஒன்றல்ல. ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்தால் அது உறிஞ்சுதல். சாய மூலக்கூறு ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டால் பரப்புக் கவர்தல். அப்படின்னா பரப்பு நிறைய வேணுமே? அதற்குத்தான் ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காய்த் தொட்டியையோ (அதாங்க, கொட்டாங்குச்சி) மரத்தையோ கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி செலுத்தினால் உள்ளே நுண்துளைகள் திறக்கும். ஒரே கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். கிட்டத்தட்ட கால் ஏக்கர்!

ஆனால் தேங்காய்த் தொட்டிக் கரியின் துளைகள் மிகச் சிறியவை. பெரிய சாய மூலக்கூறுகள் உள்ளே நுழையத் திணறும். நிறம் நீக்க, துளை பெரிதாக உள்ள மரக்கரி பல நேரங்களில் மேல்.

ஆய்வகத்தில் 99%, பட்டறையில்?

வாழைத்தோல், வேப்பிலை, நெல் உமி என எதை வைத்தும் சாயத்தை நீக்கலாம் என்று அடிக்கடி ஆய்வுகள் வருகின்றன. அவற்றில் பல மெத்திலீன் புளூவைத்தான் சோதிக்கின்றன. அது நேர்மின்சுமை கொண்ட சாயம், இலைதழைத் தூளில் சுலபமாக ஒட்டும். ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. போதாக்குறைக்கு, சோடா சாம்பல் கலந்த பட்டறைத் தண்ணீர் காரத்தன்மையோடு இருப்பதால் ஒட்டுவது இன்னும் குறையும். அந்த 99 சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

உப்புதான் வில்லன்

சாயம் துணியில் ஏற உப்பு கொட்ட வேண்டும். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். கரியால் இந்த உப்பைப் பிடிக்க முடியாது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரும் வயலைக் கெடுக்கும். நொய்யல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகி, தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் சேர்த்து, கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாறினால்தான் இயங்க முடியும் என்றானது. கரி இதில் ஒரு படி மட்டுமே. அதுவும் சாயம் நிரம்பியதும் மீண்டும் சுட்டுப் புதுப்பிக்கப்பட வேண்டும், இல்லையேல் அதுவே கழிவு.

உங்கள் ஊர் ஓடையில் கலர் இல்லையா? டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்க. கழிவுநீரில் கரைந்த உப்புகளுக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்.