சீமாட்டியின் நானூறு படங்கள்

ஒரு பெண் நீள்வட்டத் துளையுள்ள சிறு சட்டம் ஒன்றை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். துளை வழியாக அவளுடைய ஒற்றைக் கண் நம்மைப் பார்க்கிறது. 1860களில் பாரிஸில் எடுக்கப்பட்ட படம். பார்க்கப்பட நிற்கிறாளா, பார்க்க நிற்கிறாளா என்று முதல் பார்வையில் சொல்லிவிட முடியாது.

அவர் கஸ்தில்யோனே சீமாட்டி, வர்ஜீனியா ஒல்தோயினி. 1837இல் ஃப்ளாரன்ஸில் பிறந்து, பதினேழு வயதில் மணமாகி, பதினெட்டில் பாரிஸுக்கு வந்தவர். இத்தாலிய ஒருங்கிணைப்புக்கு மூன்றாம் நெப்போலியனின் ஆதரவு தேவைப்பட்டது. அதைத் திரட்டும் வேலையை பியட்மான்ட் அரசின் பிரதமர் கவூர் அவரிடம் ஒப்படைத்தார். கவூர் அவருக்கு உறவினர். சில மாதங்களில் அவர் பேரரசரின் காதலியானார். உறவுக்காரப் பெண்ணின் அழகை ஒரு பிரதமர் அரசுக் காரியத்துக்கு அனுப்பினால் அது ராஜதந்திரம். அதே அழகை அவள் தனக்காகப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் செருக்கு, பைத்தியம். சீமாட்டியைப் பற்றி எழுதியவர்களில் பலர் இரண்டாவதைத்தான் எழுதினார்கள்.

1856இல் பியர்சன் என்பவரின் ஸ்டூடியோவுக்குப் போனார். அந்தப் போக்குவரத்து, இடைவெளிகளோடு, ஏறக்குறைய 40 ஆண்டு நீடித்தது. 400க்கும் மேற்பட்ட படங்கள். பூச்சு காயும் முன் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய கண்ணாடித் தகடுகளின் காலம் அது. அசையாமல் நிற்க வேண்டும். என்ன உடை, எந்தக் கோணம், எந்தப் படத்துக்கு வண்ணம் பூசுவது, என்ன தலைப்பு எல்லாம் அவரே முடிவு செய்தார், சொந்தப் பணத்தைச் செலவழித்து. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பியர்சன் என்றிருக்கிறது. பொத்தானை அழுத்தியவர் பெயர்! கலை அவருக்கு, மினுக்கு இவளுக்கு.

1863இல் ஓர் அரண்மனை நடனவிருந்துக்கு எட்ரூரியா அரசி வேடத்தில் போனார். உடை போதவில்லை என்று பேச்சு கிளம்பியது. பிரிந்து வாழ்ந்த கணவர், மகனைப் பறித்துக்கொள்வதாக மிரட்டினார். சீமாட்டி அதே உடையை அணிந்து, கையில் கத்தியோடு நின்று படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினார். தலைப்பு 'பழிவாங்கல்'. உடையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பறிக்கலாம் என்று நினைத்த மனிதனுக்கு அந்த உடையையே பதிலாக அனுப்பியிருக்கிறார். இந்த ஒரு படத்துக்காகவே 'தற்காதல்' என்ற சொல்லை அவர்மேல் ஒட்ட எனக்குக் கை வரவில்லை.

பெண்ணிய விமர்சகர் அபிகெய்ல் சாலமன்-கோடோ 1986இல் 'சீமாட்டியின் கால்கள்' என்ற கட்டுரையில் வேறொன்று சொன்னார். இந்தப் பெண் தன்னை ஆண்களின் கண்ணால்தான் பார்த்தாள். இவளை இவளுடைய படங்களின் ஆசிரியர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. கௌரவமான பெண்கள் காலைக் காட்டாத நூற்றாண்டில் சீமாட்டி தன் கால்களை மட்டும் தனியாகப் படமெடுக்கச் சொன்னார். அவை யாருடைய ஆசைக்கான கால்கள்? கேள்வி நியாயமானது. பாதிதான் எனக்கு ஒப்புதல். இரவல் கண்ணாடிதான் கையில் கிடைத்தது என்பதற்காக, அதில் பார்த்தவள் எதையுமே பார்க்கவில்லை என்றாகிவிடுமா? "எப்பப் பாரு கண்ணாடி முன்னாடியே நிக்கிறா" என்று நம் வீடுகளில் திட்டும்போதும், அந்தக் கண்ணாடியை மாட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

என்னை அதிகம் நிறுத்துபவை கடைசிப் படங்கள். மகன் 1879இல் இறந்துவிட்டான். சன்னல்களை மூடி, கண்ணாடிகளே இல்லாத வீட்டில் சீமாட்டி வாழ்ந்தார் என்றும், இரவில் மட்டும் முகத்திரையோடு வெளியே வந்தார் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் 1893இல், 56 வயதில், மறுபடி பியர்சனிடம் போனார். முடி கொட்டி, பல் விழுந்த நிலையில், இளமையில் நின்றதுபோலவே நின்றார். பரிதாபம் என்று எழுதியிருக்கிறார்கள். தன்னைத் தானே ஏற்றுக்கொண்டாள் என்று கொண்டாடவும் முடியவில்லை. பழைய அளவுகோலை அவர் கீழே போடவில்லையே. ஆனாலும் வீட்டில் கண்ணாடி வேண்டாம் என்றவர் கேமரா முன் போய் நின்றிருக்கிறார், இரண்டு ஆண்டுகள், திரும்பத் திரும்ப.

1900ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியில் 'நூற்றாண்டின் பேரழகி' என்ற தலைப்பில் தன் படங்களை வைக்க ஆசைப்பட்டார். 1899 நவம்பரில் இறந்தார். பொருட்காட்சி அடுத்த ஏப்ரலில் திறந்தது. அதன்பின் மான்டெஸ்க்யூ என்ற கவிஞர் தேடித்தேடி 433 படங்களைச் சேர்த்தார், 1913இல் அவரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். உயிரோடு இருந்த சீமாட்டியை அவர் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.