புகைப்பழக்கமும் காசநோயும்: "பீடி இருமல்" என்று விட்டுவிடாதீர்கள்

கொள்ளிடக் கரையில் உள்ள ஏலாக்குறிச்சி போன்ற ஊர்களில், நாள்பட்ட இருமலைப் "பீடி இருமல்" என்றோ, சுண்ணாம்புக்கல் தூசியால் வந்தது என்றோ கருதி மருத்துவமனைக்கு வராமல் இருப்போர் உண்டு. அந்த இருமலுக்குப் பின்னால் காசநோய் மறைந்திருக்கக்கூடும்.

புகை நுரையீரலை எவ்வாறு பாதிக்கிறது?

மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய முடிகள் தூசியையும் கிருமிகளையும் சளியுடன் வெளியேற்றுகின்றன. புகை இம்முடிகளைச் செயலிழக்கச் செய்கிறது. கிருமிகளை அழிக்கும் வெள்ளணுக்களின் திறனையும் குறைக்கிறது. இதனால் காசநோய்க் கிருமி எளிதில் பெருகுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட மூச்சடைப்பு நோய் ஆகியவற்றுக்கும் புகைப்பழக்கம் முக்கியக் காரணமாகும்.

தமிழ்நாட்டு ஆய்வு கூறுவது என்ன?

சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு, 2003-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று அது கண்டறிந்தது.

பீடி தீங்கு குறைந்ததா?

இல்லை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியுள்ளது. எனவே நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் உடலில் மிகுதியாகச் சேர்கின்றன. வீட்டிற்குள் புகைத்தால் குழந்தைகளும் பாதிக்கப்படுவர்.

எப்போது பரிசோதனை செய்ய வேண்டும்?

• இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல்
• மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்த்தல்
• பசியின்மை, உடல் எடை குறைதல்
• சளியில் இரத்தம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இரத்தம் அதிகமாக வந்தாலோ, மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.

சிகிச்சை பெறுவோர் கவனத்திற்கு

காசநோய் சிகிச்சை பொதுவாக ஆறு மாதங்கள் நீடிக்கும். இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. புகைப்பழக்கத்தைத் தொடர்ந்தால் குணமடைவது தாமதமாகலாம். நோய் மீண்டும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் வழங்கப்படுகிறது.

புகையை நிறுத்துவது எப்படி?

ஒரு நாளைக் குறித்து, வீட்டிலுள்ள பீடி, தீப்பெட்டி அனைத்தையும் அகற்றுங்கள். புகைக்கும் ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்; அப்போது தண்ணீர் அருந்துங்கள், சற்று நடந்துவிட்டு வாருங்கள். முதல் வாரம் கடினமானது. எரிச்சலும் தூக்கமின்மையும் தற்காலிகமானவை. குடும்பத்தினர் கடிந்துகொள்ளாமல் துணைநிற்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் முயற்சியைக் கைவிட வேண்டாம். இலவச ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற எண்ணை அழைக்கலாம்.

எத்தனை ஆண்டுகள் புகைத்திருந்தாலும், நிறுத்துவதால் பயன் உண்டு. நிறுத்திய ஓராண்டில், புகைப்பழக்கத்தால் கூடியிருந்த இதயநோய் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.