பதினெட்டுக் குழி, ஒரு தோட்டம்

கிள்ளானில் நான்கு லாரிகளை வைத்துத் தொழில் செய்யும் என் அத்தான் போன வருடம் ஒரு நாள், "மச்சான், நீதான் எல்லாத்தையும் தேடிப் படிக்கிற ஆளு. கம்மி வெலையில எந்த கோல்ஃப் கிளப்புல மெம்பர் ஆகலாம்னு பாத்துச் சொல்லு" என்றார். அவர் அதுவரை கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ஆனால் காரணம் தெளிவாக இருந்தது. "டெண்டர் எல்லாம் அங்கதான் பேசி முடிக்கிறாங்க. நாம ஆபீஸ்ல போயி உக்காந்து காத்துக்கிட்டு இருக்கோம்." இரண்டு நிபந்தனைகள் வைத்தார். கிளப்பின் பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். செலவு லாரிக்கு டயர் மாற்றும் காசுக்குள் அடங்க வேண்டும்.

அவர் சொன்னது மிகையில்லை. 2014 டிசம்பரில் கிழக்குக்கரை மாநிலங்கள் வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது பிரதமர் நஜிப் ஹவாயில் ஒபாமாவோடு கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த படம் வெளிவந்து நாடே கொதித்தது. இந்த நாட்டில் பேச்சுவார்த்தை எங்கே நடக்கிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது.

சரி, உறுப்பியம். வெளியிலிருந்து பார்க்க அது ஒரே விலை. உள்ளே போனால் நாலைந்து விலைகள். பெரும்பாலான கிளப்புகளில் பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து உறுப்பியத்தை விலைக்கு வாங்க வேண்டும். இதற்கென்றே தரகர்கள் இருக்கிறார்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் ஒன்று, பெயர் மாற்றுவதற்குக் கிளப் வசூலிக்கும் கட்டணம் இன்னொன்று. பிறகு மாதச் சந்தா, ஆடினாலும் ஆடாவிட்டாலும். சில இடங்களில் உணவகத்தில் மாதம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. உறுப்பியம் ‘மலிவாக’ விற்பனைக்கு வருகிறதென்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். விற்பவர் சந்தா கட்டியே களைத்துப்போயிருப்பார், அல்லது உறுப்பியத்துக்குக் காலக்கெடு இருந்து அது முடியும் தறுவாயில் இருக்கும். மாதம் இரண்டு முறை மட்டும் ஆடுகிறவர் வார நாளில் விருந்தினர் கட்டணம் கட்டி ஆடிவிட்டு வருவதுதான் லாபம். அத்தானிடம் இதைச் சொன்னேன். "ஆடுறதுக்கா கேட்டேன்?" என்றார்.

அவர் அனுப்பிய பட்டியலில் முதலில் இருந்தது கெலாப் கோல்ஃப் நெகாரா சுபாங். தேசியக் கோல்ஃப் கிளப். கெலானா ஜெயாவில் இருக்கிறது. கெலானா, புத்ரா என்று இரண்டு பதினெட்டுக் குழித் திடல்கள். 1968-இல், நாட்டின் முதல் பிரதமரும் கோல்ஃப் பிரியருமான துங்கு அப்துல் ரஹ்மானின் முனைப்பில் உருவானது. ஒரு விளையாட்டு கிளப்புக்கு ‘நெகாரா’ என்ற சொல் எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அதற்கு முன்னால் கோலாலம்பூரில் இருந்த கிளப்புகளைப் பார்த்த பிறகு விளங்கியது.

சிலாங்கூர் கிளப் 1884-இல் தொடங்கியது. அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர் தம்புசாமிப் பிள்ளை. ஆமாம், ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலைக் கட்டிய, பத்துமலையோடு சேர்த்து நாம் நினைவுகூரும் அதே தம்புசாமிப் பிள்ளை. அன்றைய கோலாலம்பூர் ஒரு சுரங்கச் சேற்று ஊர். வெள்ளைக்காரர் எண்ணிக்கை குறைவு. பணமும் செல்வாக்கும் உள்ள ஓர் ஆசியர் உள்ளே நுழைவதற்கு இடுக்கு இருந்தது. ஊர் வளர வளர அந்த இடுக்கு அடைபட்டது. 1890-இல் எழுந்த லேக் கிளப்பில் ஐரோப்பியருக்கு மட்டும்தான் இடம். 1893-இல் பெட்டாலிங் குன்றில் தொடங்கிய சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பும் அந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். அதுதான் பின்னாளில் இப்போதைய துன் ரசாக் சாலைக்கு இடம் மாறி, 1963-இல் ‘ராயல்’ பட்டம் பெற்றது. இந்தச் சுவர் எவ்வளவு கெட்டியானது என்பதற்கு 1952 போதும். ஒரு விருந்துக்கு சிலாங்கூர் சுல்தானையே விருந்தினராக உள்ளே விட முடியாது என்றது லேக் கிளப். மாநிலமே அவருடையது, ஆனால் மேசையில் இடமில்லை. உயர் ஆணையர் ஜெரால்ட் டெம்ப்ளர் ஆத்திரப்பட்டு நெருக்கிய பிறகுதான் கிளப்பின் விதி மாறியது. டெம்ப்ளர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போர் நடக்கும்போது உள்ளூர்த் தலைவர்களை அவமானப்படுத்துவது ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ‘நெகாரா’ என்பது சாதாரணப் பெயரில்லை. இனி யாருடைய தோலையும் பார்த்துக் கதவு சாத்தப்படாது என்பது அதற்குள் இருந்த வாக்குறுதி. அந்த வாக்குறுதி பெருமளவு காப்பாற்றப்பட்டது என்றுதான் சொல்வேன். நிறம் கேட்ட வாசலில் விலை வந்து நின்றுகொண்டது என்பது வேறு விஷயம்.

கிளப்புக்கு வெளியே இருந்த தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் குடியிருந்த நூறு குவார்ட்டர்ஸ் 1905 வாக்கில் கட்டப்பட்டது. இப்போது அது இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் அங்கே விவேகானந்தா ஆசிரமம் வந்தது. 1914-இல் டி.பி.சி.ஏ. எனப்படும் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் தோன்றியது. காற்பந்து, ஹாக்கி, ஓட்டம். அதாவது ஒரு பந்தும் ஒரு துண்டு நிலமும் இருந்தால் ஆடக்கூடிய ஆட்டங்கள். கோல்ஃப் அந்தப் பட்டியலில் வர வழியில்லை. பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலாவது மாதச் சம்பளமும் சங்கமும் இருந்தன. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களின் கதை வேறு. 1941-இல் அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்குத் தரும் அதே கூலி, கள்ளுக்கடையை மூடு, கொடுமைக்காரக் கண்காணிப்பாளரை மாற்று என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. கூலியை மட்டும் கேட்டிருந்தால் அது ஒரு கணக்கு விவகாரமாக முடிந்திருக்கும். சைக்கிள் கோரிக்கை வந்ததும் அரசு மிரண்டது. மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். என் தலைமுறைக்கு இந்தச் செய்தி பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை.

தோட்டத்திலிருந்து கோல்ஃப் திடலுக்கு எப்படி வந்தேன் என்று கேட்கலாம். நான் வரவில்லை, நிலம் வந்தது. 1980, 90-களில் ரப்பரைவிட வீட்டுமனை லாபம் என்றானதும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. சுபாங்கில் 1986-இல் திறந்த சௌஜானா கிளப் ஒரு செம்பனைத் தோட்டத்தைச் செதுக்கி உண்டானது. அதன் ஒரு திடலுக்குப் பெயரே ‘பாம் கோர்ஸ்’. ஷா ஆலாமுக்குப் பக்கத்தில் கிளென்மேரி. அது ரப்பர் தோட்டத்தின் பெயர். தோட்டம் போய் கிளப் வந்தது, பெயர் மட்டும் தங்கியது. அங்கே இரண்டு திடல்கள், ஒன்றின் பெயர் ‘வேலி’, இன்னொன்று ‘கார்டன்’. கார்டனைத் தமிழில் எழுதினால் தோட்டம். பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தத் திடல்களில் தமிழர்கள் இல்லாமல் இல்லை. புல் வெட்டினார்கள், பை தூக்கினார்கள். பை தூக்குபவரை இங்கே ‘கேடி’ என்போம். தமிழ்நாட்டு வாசகர்கள் போலீஸ் பட்டியலை நினைத்துக்கொள்ள வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர்களும் நம்மில் உண்டு. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றவர்கள் நாட்டின் சார்பில் வெளிநாடுகளில் ஆடியவர்கள். நம் சிறுகதைகளில் பால்மரம் வெட்டும் கை ஆயிரம் முறை வந்துவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு துரைக்குப் பின்னால் நடந்த பையன் நான் படித்தவரையில் வரவேயில்லை. யாராவது எழுதினால் படிக்க ஆசை.

அத்தானின் பட்டியலில் கடைசியாக இருந்த இரண்டு பெயர்களும் ஒரே குன்றைச் சேர்ந்தவை. புக்கிட் கியாரா.

கோலாலம்பூரின் மேற்கு ஓரத்தில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்கும் டாமன்சாராவுக்கும் நடுவில் இருக்கும் குன்று அது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1980-களின் தொடக்கத்தில் அரசு அதைப் பொதுத் தேவைக்கென்று கையகப்படுத்தியது. பிறகு அந்தக் குன்றைச் சுற்றி என்னென்னவோ வந்தன. அரசு ஊழியர்களுக்கான கெலாப் கோல்ஃப் பெர்கிட்மாத்தான் ஆவாம் வந்தது. பட்ஜெட்டுக்குள் கோல்ஃப் என்றால் இந்த ஊரில் பலர் முதலில் சொல்வது அதைத்தான், ஆனால் அது லாரி முதலாளிகளை மனத்தில் வைத்துத் தொடங்கியதில்லை. குதிரையேற்ற கிளப் ஒன்று வந்தது. 1991-இல் கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப் வந்தது. அது எந்தப் பட்ஜெட்டிலும் அடங்காது. 2013 முதல் 2018 வரை அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் போட்டியான சி.ஐ.எம்.பி. கிளாசிக் அங்கேதான் நடந்தது. முதல் ஆண்டுப் பரிசுத் தொகை 70 லட்சம் அமெரிக்க டாலர். பின்னாளில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான ஜஸ்டின் தாமஸ் தன் முதல் பி.ஜி.ஏ. டூர் கோப்பையை 2015-இல் தூக்கியது அந்தத் திடலில்தான்.

அதே குன்றின் மறுபக்கம், தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் ஓரத்தில், தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டம் கைமாறியபோது அவர்களை லயத்திலிருந்து ரூமா பாஞ்சாங் எனப்படும் நீள்வீடுகளுக்கு மாற்றினார்கள். தற்காலிகம், நிரந்தர வீடு பின்னால் வரும் என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ நூறு குடும்பங்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது.

2017-இல் மாநகர் மன்றம் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பூங்கா நிலத்தில் எட்டு ஆடம்பர அடுக்குமாடிக் கோபுரங்கள். கூடவே நீள்வீட்டு மக்களுக்கும் சேர்த்து ஒரு மலிவு விலைக் கட்டடம். இந்த முடிச்சைக் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டு பழைய வாக்குறுதியைப் புத்தம்புதிய லாபத்தோடு கட்டிவிட்டார்கள். கோபுரத்தை எதிர்ப்பவர் ஏழைத் தமிழருக்கு வீடு கிடைப்பதைத் தடுக்கிறார் என்று இனி சொல்லிவிடலாம். சொல்லவும் செய்தார்கள். பூங்காவைக் காக்க வழக்குப் போட்ட அண்டைக் குடியிருப்பாளர்கள் நடுத்தர வர்க்கத்தினர்தாம், அவர்களுக்குத் தங்கள் வீட்டின் காற்றும் நிழலும் முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீள்வீடு இருக்கும் அதே இடத்தில் அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுங்கள், கோபுரம் வேண்டாம் என்பதும் அவர்களுடைய நிலைப்பாடாக இருந்தது. அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரத் திட்டத்தில் பொதுவெளி என்று குறித்த நிலத்தை மாநகர் மன்றம் தன் போக்கில் மாற்ற முடியாது, எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், திட்டத்தில் பங்காளியான அறவாரியத்திலும் மாநகரத் தலைவர் பொறுப்பு வகித்தது நலன் முரண் என்றெல்லாம் அது விரிந்தது. பூங்கா தப்பியது. கோபுரங்களோடு கட்டப்பட்டிருந்த அந்த வீடுகளும் கோபுரங்களோடு சேர்ந்து விழுந்தன.

அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு நான் ஒரு நாள் பூங்காவுக்குப் போய், நீள்வீட்டு வரிசைக்கு முன்னால் நிற்கும் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். தோட்டத்தைப் பார்க்காத மூன்றாவது தலைமுறை. லயத்திலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது பத்து வயதாக இருந்த ஒருவர் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவருடைய அம்மா பால்மரம் வெட்டியிருந்தால், அவருக்கு எண்பது.