அங்கிக்கு முன்னா, பின்னா?

கொழும்பில் சட்டக் கல்லூரி 1874இல் தோன்றியது, சென்னையில் 1891இல். ஒரே ஆட்சியின் கீழ் தொடங்கிய இந்த இரு வழிகளும் இன்று ஓரிடத்தில் அடியோடு பிரிகின்றன. நீதிமன்ற வேலையை ஒருவர் எப்போது கற்கிறார், யார் பொறுப்பில் கற்கிறார் என்பதுதான் அந்த இடம்.

இலங்கையில் உயர்தரம் முடித்தவர் நுழைவுத்தேர்வு எழுதிச் சட்டக் கல்லூரியில் சேரலாம். கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்ற பட்டதாரியும் அதே கல்லூரியின் தேர்வுகளை எழுதியாக வேண்டும். அதன்பின் ஆறு மாதம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அப்புக்காத்து, புறக்டர் என்று இரண்டாகக் கிடந்த தொழிலை 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. அப்போதும் பயிற்சி கைவிடப்படவில்லை.

அதே 1973இல் இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றிருந்த விதியை, வழக்குரைஞர் சட்டத்தின் திருத்தம் நீக்கிவிட்டது. 1995இல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படி விதிக்க கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆக, தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு சட்டம் படித்தவர் நேரே பார் கவுன்சிலில் பதிவு செய்கிறார். படிப்புக் காலத்தில் ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரம், மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. ஆனால் ஒரு மனுவை வரைவது, குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்பதெல்லாம் சீனியர் ஆபீசில்தான் கைக்கு வரும். அங்கே எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. வீட்டில் வக்கீல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். முதல் தலைமுறைப் பட்டதாரி, கேஸ் கட்டைச் சுமந்து வாய்தா கேட்டுக்கொண்டே எத்தனை மாதம் வாடகை கட்டுவார்? நல்ல திறமைகள் இந்தக் கட்டத்தில்தான் தொழிலை விட்டுப் போகின்றன. எனக்கு இது பெரிய அநீதியாகப் படுகிறது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டுகொண்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்றது. அதன் பிறகு இந்திய பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கையோ வெறும் பரிந்துரைதான்.

இதனால் இலங்கை வழியே சிறந்தது என்று முடித்துவிட மாட்டேன். மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவருக்கும் சட்டக் கல்லூரி ஒன்றுதான், அதுவும் கொழும்பில். தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த முயன்ற விதி, தமிழ், சிங்கள மாணவர்களை ஒருசேர வதைத்திருக்கும். நல்லவேளை, நாடாளுமன்றத்தில் அது தோற்றது. வாசலின் அகலத்தில் தமிழ்நாடு எவ்வளவோ மேல்: மாவட்டங்களில் அரசு சட்டக் கல்லூரிகள் உண்டு, தமிழிலேயே தேர்வு எழுதலாம். பதிவுக் கட்டணமும் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டிவைத்துவிட்டது.

எனினும் முதலில் பயிற்சி, பிறகு பதிவு என்ற வரிசை விஷயத்தில் இலங்கை செய்வதே சரி. கட்சிக்காரரின் வழக்கு, புதியவர் கற்றுக்கொள்ளும் களமாக இருக்கக்கூடாது. இங்கும் அந்த வரிசையைக் கொண்டுவரச் சட்டத் தடை இப்போது இல்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சுதீர் தீர்ப்பு நிற்காது என்று சொல்லிவிட்டது. பதிவுக்கு முன்போ பின்போ நிபந்தனை விதிக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தால் இன்று நடப்பது அகில இந்திய பார் தேர்வு ஒன்றே. சட்டப் பிரதிகளை உடன் வைத்துக்கொண்டு நூறு கேள்விகளுக்கு விடை குறிக்கும் தேர்வு அது. மாவட்ட நீதிமன்றங்கள்தோறும் உதவித்தொகையுடன் ஆறு மாதப் பயிற்சி வைக்கவும் அதே அதிகாரம் போதும்.