வெறுங்காலும் ரப்பர்க் காலணியும்

காலணி காலைக் காக்கும் பொருள் என்பதை யாவரும் அறிவர். அது மனிதரின் மானத்தையும் காக்கும் பொருள் என்பதை நம் நாட்டு வரலாறு அறிவிக்கின்றது.

சங்கச் சான்றோர் செருப்பைத் 'தொடுதோல்' என வழங்கினர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் காலணி அறிந்திருந்தனர். ஆயினும் அதனை அனைவரும் அணிய இடந்தந்தோமா? 1930ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த தடைகளுள், ஆடவர் குடை பிடித்தலும் செருப்பணிதலும் கூடா என்பதும் ஒன்று. பழைய திருவிதாங்கூரிலும் தாழ்த்தப்பட்ட பல சமூகத்தார்க்குக் குடையும் செருப்பும் பொன்னணியும் மறுக்கப்பட்டிருந்தன. வழிவழியாக வெறுங்காலே பலருக்கு விதியாயிற்று.

இன்று நம் காலனிச் சிறுவர் விரும்பி அணியும் 'ஸ்னீக்கர்' என்னும் ரப்பர் அடிக் காலணியின் வரலாற்றை இந்நினைவோடு நோக்குவோம்.

ரப்பர், மரத்தின் பால். வெயிலில் இளகியும் குளிரில் வெடித்தும் பயன்படாதிருந்த அதனைக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறைக்கு, அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். பின்னர் துணி மேலும் ரப்பர் அடியுமாக விளையாட்டுக் காலணிகள் தோன்றின. ஓசையின்றிப் பதுங்கி நடக்க உதவியமையால் 'ஸ்னீக்கர்' என்னும் பெயர் அமைந்தது. 1916இல் 'கெட்ஸ்', 1917இல் 'கான்வர்ஸ் ஆல் ஸ்டார்' எனப் புகழ்பெற்ற வகைகள் வெளிவந்தன.

ரப்பருக்கும் நாம் வாழும் கேரளத்துக்கும் உள்ள உறவு பெரிது. பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902இல் வணிக முறையிலான ரப்பர்த் தோட்டம் தொடங்கப்பெற்றது. 1930களில் பாட்டா நிறுவனம் வங்காளத்தில் தொழிற்சாலை நிறுவிற்று. அதன் பின்னர்க் குறைந்த விலைக் கேன்வாஸ் காலணி பள்ளிப் பிள்ளைகளின் கால்களை எட்டிற்று. உடற்பயிற்சி வகுப்பின் வெள்ளைக் காலணியை நம்முள் மூத்தோர் மறந்திரார். சாக்கட்டியால் வெண்மையேற்றி வெயிலில் உலர்த்திய அக்காலணி, அணிவகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திற்று.

இளைஞர் இதன்மேல் கொண்ட வேட்கைக்கும் காரணம் உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரால் 1985இல் நைக்கி நிறுவனம் காலணி விற்கத் தொடங்கிற்று. மறு ஆண்டில் 'ரன் டிஎம்சி' என்னும் பாடகர் குழு தம் அடிடாஸ் காலணியையே பாட்டாக்கிற்று. இழிவுபடுத்தப்பட்டு வந்த கறுப்பின மக்களின் பிள்ளைகள் அக்காலணியில் தம் பெருமிதத்தைக் கண்டனர். பின்னர் உலகமே அவர்களைப் பின்பற்றிற்று.

இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் நைக்கி காலணிகள் உருவாகின்றன. அவற்றைச் செய்வோருள் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். ஒருகாலத்தில் செருப்பு மறுக்கப்பட்ட மண்ணின் மக்கள் இன்று உலகத்தின் காலுக்கு அணி செய்கின்றனர்; இதனினும் சிறந்த மாற்றம் வேறென்ன வேண்டும்?

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆனைகட்டி வழியாகவும் மண்ணார்க்காட்டு மலைப்பாதை வழியாகவும் அகளிக்கு வந்து குடியேறியோர் நாம். இங்கே இருளர், முடுகர், குறும்பர் குழந்தைகளும் நம் குழந்தைகளும் ஒரே பள்ளியில் பயில்கின்றனர். விலையுயர்ந்த காலணியைக் காட்டி எளிய காலணி அணிந்தவரை எள்ளும் பழக்கம் அவர்களிடையே முளைக்குமாயின், பழைய தடையே புதிய உருவில் திரும்பிற்று என்பதன்றி வேறில்லை. பிள்ளைகளுக்குக் காலணி வாங்கித் தரும்போது இவ்வரலாற்றையும் சொல்லித் தருவோமாக. எவர் காலையும் இகழாத கண்ணே நாம் அவர்களுக்கு அளிக்கத்தக்க நல்ல அணியாகும்.