ஒரு துபாஷின் பதிவுகள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சரித்திரக்காரர்களுக்கு ஆதாரக் கிடங்கு. இலக்கியக்காரர்கள் அதன் பழமையைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தம் இரண்டு நாவல்களுக்கு அதற்குள் இறங்கிய பிரபஞ்சன் ஒரு விதிவிலக்கு. 1736 செப்டம்பரில் தொடங்கிய இந்தப் பதிவுகள், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழும் 1761 ஜனவரியில், எழுதியவரின் சாவோடு முடிகின்றன. 1846-ல்தான் இது வெளியுலகின் கண்ணில் பட்டது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகள் வந்தன. தமிழ் மூலம் வரிசையாக அச்சேறத் தொடங்கியது 1948-ல். மொழிபெயர்ப்பு முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மூலம் தொடங்கியது என்பது நமது கலாச்சாரம் பற்றிய ஒரு தகவல்.

வங்கியில் பதிவு போட்டுப் பிழைக்கும் எனக்கு இந்த நூலின் அமைப்பு அந்நியமாகத் தெரியவில்லை. வியாபாரி வீட்டில் அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் வந்த வரிசையில் சிட்டாவில் ஏறும். பிறகு தலைப்புவாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பிள்ளை எழுதியது சிட்டா. பேரேடு போடுவது பின்னால் வரும் சரித்திரக்காரனின் வேலை.

இந்தச் சிட்டாவில் பலவகைப் பதிவுகள் இருக்கின்றன. கப்பல் வந்தது, போனது, எத்தனை பீரங்கி போட்டார்கள் என்ற கணக்கு ஒருவகை. இதில் எழுதுபவன் இல்லை. எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. சீலை வியாபாரம், முன்பணம், வராகன் கணக்கு இன்னொரு வகை. ஆற்காட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த கடிதங்களும் வதந்திகளும் மூன்றாவது. இவற்றைவிட நீளமானவை துப்ளேயுடன் நடந்த சம்பாஷணைகள். அவர் இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன் என்று நாடகம்போல் விரிகின்றன. இங்கே பிள்ளை புத்திசாலி, சாமர்த்தியசாலி. புகழப்பட்டால் அதையும் விடாமல் எழுதிக்கொள்கிறார். பிறகு ஜாதகம், கிரகபலன், நேரம். துப்ளேயின் மனைவி மீதான கசப்பு. 1754-ல் துப்ளே ஊர் திரும்பியபின் செல்வாக்கு சரிந்து, 1756-ல் பதவியும் போனவரின் புழுக்கம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நடை, ஒவ்வொன்றிலும் வேறொரு பிள்ளை. பேச்சுத் தமிழும் பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்த அந்த மொழியை அழகுக்காக யாரும் செய்யவில்லை. வேலைக்கு வேண்டியிருந்தது, வந்தது.

சிட்டா இல்லாமல் பேரேடு மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்பது தொப்பூரில் இருப்பவனுக்குத் தெரியும். பாராமகாலிலிருந்து சேலம் சீமைக்கு இறங்கும் இந்தக் கணவாய், மைசூர் யுத்தங்களின் சரித்திரத்தில் படைகள் கடந்த வழி. அவ்வளவுதான். அன்று இங்கே பயந்தவன் எவன், பேரம் பேசியவன் எவன் என்பது நம் கைக்கு வரவில்லை.

பிள்ளையிடம் அது வந்திருக்கிறது. எந்தத் தலைப்பிலும் அடங்காத ஒரு பதிவில் வந்திருக்கிறது. 1748 செப்டம்பர். பாஸ்கவனின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயம். சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரன் கோயில் அரசாங்க உத்தரவின்பேரில் இடிக்கப்படுகிறது. கனகராய முதலி 1746-ல் இறந்தபின் அவர் இடத்துக்கு வந்த பிள்ளைதான் அப்போது நகரத்துத் தமிழர்களில் பெரிய மனிதர். இடிப்பை விவரமாக எழுதுகிறார். முறையிட வந்தவர்களிடம் உங்களுக்குள் ஒற்றுமை இல்லையே என்று தான் சொன்னதை எழுதுகிறார். காலத்தின்மேல் பழியைப் போடுகிறார். இதுவரை இது ஒரு உத்தியோகஸ்தனின் சமாதானம். நம் அலுவலகங்களில் தினமும் கேட்கிற குரல்.

ஆனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறார். மசூதி ஒன்றையும் இடிக்க உத்தரவாகிறது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் துப்ளேயிடம் நேரே போய் எதிர்த்துச் சொல்கிறார். உத்தரவு நின்றுபோகிறது. போய்ச் சொன்னால் நிற்கும் என்பதற்கு இது சாட்சி. அப்துல் ரகுமானுக்குப் பின்னால் துப்பாக்கிகள் இருந்தன, பிள்ளைக்குப் பின்னால் இல்லை என்று வாதாடலாம். துப்ளேயின் காது தினமும் கிடைத்தவர் பிள்ளை என்பதும் இதே நாட்குறிப்பு தரும் தகவல்தான்.

தன் சமாதானத்தை உடைக்கும் சாட்சியத்தை அவர் ஏன் விட்டுவைத்தார்? நேர்மை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. கப்பல்களையும் பீரங்கிகளையும் விடாமல் எண்ணிய பழக்கம் இங்கேயும் கையை ஓட்டியிருக்கிறது. நடந்ததை ஏற்றாமல் அன்றைய கணக்கை மூட அந்தக் கைக்குத் தெரியவில்லை. கெட்டிக்காரத்தனமான சம்பாஷணைப் பதிவுகளில் கிடைக்காத மனிதன், வெறும் எண்ணிக்கையாளனின் இந்தப் பழக்கத்தால் நமக்குக் கிடைக்கிறான். சுய தரிசனம் பற்றி ஓயாமல் பேசும் நமது எழுத்துக்கு, பதிவு செய்யும் இந்த எளிய ஒழுக்கம் இன்னும் கைவரவில்லை.